வண்டி என் பேரில் இருக்கிறது

எங்கள் ஊர் ஏரிக்கரையை ஒட்டிய சிறு பாலம் நான் கட்டியது. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி நான் கட்டியது. அந்த உயரத்துக்குச் சாரம் கட்ட மற்ற மேஸ்திரிகள் யோசித்து நின்றபோது கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் ஏறியவன் நான். கோயில் முகப்பு வளைவு, பால் சொசைட்டிக் கட்டடம், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், சுடுகாட்டுப் பாதையில் கருமாதிக் கொட்டகை, எல்லாம் என் கை. வில்லியனூரிலிருந்து உறுவையாறு வரைக்கும் ரோட்டில் போகிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் மட்டம் பிடித்த சுவர் ஒன்று கண்ணில் படாமல் போகாது. நான் பள்ளிக்கூடம் போனதே இல்லை, என் பேரை எழுத மட்டும் பழகிக்கொண்டேன். அப்பா அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர். அவர் விட்டுப்போனது ஒரு வெட்டுக்கத்தி, அதுவும் பிடி கழன்றது. அங்கிருந்து வந்தவன் நான். வரைபடத்தை எஞ்சினியர் விரித்துப் பிடித்தால், அதில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமலே, எந்தத் தூண் எங்கே வரும் என்று கையைக் காட்டிச் சொல்லிவிடுவேன்.

பாலத்துக் கல்வெட்டில் ஒரு மந்திரி பேர் இருக்கிறது. தொட்டியில் ஒரு எம்.எல்.ஏ. பேர். வளைவில் உபயதாரர் பேர், அவர் மனைவி பேர், அவர் பேரப்பிள்ளைகள் பேர். என் பேர் எங்கேயும் கிடையாது. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போது ஏதாவது ஒரு மூலையில் ஆணியால் என் தலைப்பெழுத்தைக் கீறி வைப்பேன். மறுநாள் பூச்சு வேலை. அதோடு அது உள்ளே போய்விடும். சிமெண்டுக்குள் நான் இருக்கிறேன், பார்க்கத்தான் முடியாது.

இவ்வளவு கட்டியும் எனக்கு இந்த அலுப்பு வந்ததில்லை. என்னை அலுக்க வைத்தது நான் கட்டாத ஒன்று. ஒரு பழைய வேன்.

எங்கள் ஊரில் சொல்தா வீடு என்று ஒன்று உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, அந்த நாட்டுக் குடியுரிமையோடு பென்ஷன் வாங்கி வந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அந்த வீட்டையும் நான்தான் கட்டினேன். பெரியவர் பாதி வருஷம் பிரான்சில், பாதி வருஷம் இங்கே. வண்டி வாங்கினாலும் கரண்ட் இணைப்பு வாங்கினாலும், வெளிநாட்டுக்காரன் என்று கேள்வி வரும், அலைய விடுவார்கள் என்று, தன் மச்சான் பேரிலேயே வாங்கிவிடுவார். அந்த மாதிரிக் குடும்பங்களில் இது வழக்கம். காசு ஒருவருடையது, பேர் ஒருவருடையது.

பெரியவர் இறந்து கருமாதி முடிந்ததும், பிரான்சிலிருந்து வந்த அவர் பிள்ளை, அப்பா ஓட்டிக்கொண்டிருந்த வேனை ஊருக்குக் கொடுக்கிறேன் என்றார். நல்ல மனசு. சீட்டை எல்லாம் கழற்றிவிட்டு, ஸ்ட்ரெச்சர் வைக்கத் தண்டவாளம் அடித்து, பக்கவாட்டில் கண்ணாடி போட்டு, அமரர் ஊர்தி என்று எழுதிக் கொண்டுவந்து நிறுத்தினார். பால் சொசைட்டி முன்னால் பந்தல் போட்டோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், அதன் நடுவில் சாவி. பிள்ளை தாம்பாளத்தைத் தூக்க, எங்கள் ஊர் இளைஞர் சங்கத் தலைவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மைக்கில் அறிவித்தார்கள். ஊரே கை தட்டியது.

எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. மாடு கை மாறினாலும், கல்யாணச் சீர் கை மாறினாலும், தாம்பாளம் கை மாறிவிட்டால் பொருள் கை மாறியது. நாலு பேர் பார்த்தார்கள் என்றால் அதுதான் பத்திரம். ஆர்.சி. புத்தகம் எங்கே என்று அந்தப் பந்தலில் ஒருத்தரும் கேட்கவில்லை. பிள்ளை அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டார்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவர வாடகை வேன்காரர்களிடம் கெஞ்ச வேண்டியதில்லை. டீசல் மட்டும் போட்டால் போதும், இல்லாதவர்களுக்கு அதையும் சங்கமே போட்டுவிடும்.

பிறகு என்னிடம் சித்தாளாக வேலை பார்த்தவள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். தொட்டி கட்டும்போது அந்தச் சாரத்தில் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கம்பைப் பிடிக்காமல் ஏறி வந்தவள். அவளைக் கூட்டிவர டிரைவரோடு நானே போனேன். வில்லியனூர் தாண்டும்போது போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். ஆர்.சி. கேட்டார். இல்லை. இன்சூரன்ஸ் கேட்டார். அது எப்போதோ முடிந்துபோயிருந்தது. வண்டி யார் பேரில் என்றார். "ஊரு வண்டி சார்" என்றேன்.

"ஊரு வண்டின்னா ஊருக்கு இன்னா கையெழுத்து போடத் தெரியுமா? ஆளு பேரு சொல்லுய்யா."

அவர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். அவள் மகள் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பொணத்த வெச்சிக்கினு நிக்கிறீங்க, அதனால வுடறேன். போய் எடுத்து அடக்கம் பண்ணுங்க. பேப்பர் சரி பண்ணாம இந்த வண்டிய மறுபடி நான் ரோட்ல பாக்கக் கூடாது."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நியாயமாகத்தான் பேசினார். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் வெயிலில் வண்டி நின்றது, போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், அந்தப் பெண் முந்தானையால் அம்மா முகத்தை மூடினாள். வாழ்நாள் முழுக்க எனக்காக ஏணி ஏறியவளை நடுரோட்டில் நிறுத்திவிட்டேன் என்று இருந்தது. அன்றோடு வண்டி பால் சொசைட்டி பின்புறம் தார்ப்பாய்க்குள் போனது. அடுத்து எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தபோது வாடகை வண்டிதான். அந்த வீட்டுக்காரர்கள் தோட்டை அடகு வைத்தார்கள்.

சங்கத் தலைவர் படித்தவர், திருபுவனைப் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. எனக்குப் பெரியப்பா முறை வைத்துப் பேசுவார். "நீங்க ஒரு வாட்டி போய்ப் பேசுங்க பெரியப்பா. நாங்க போனா நல்லா இருக்காது" என்றார். படித்தவர்களுக்கு ஒரு வேலை நல்லா இருக்காது என்றால், அது எங்களைப் போன்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. போனேன்.

சங்கம் விசாரித்ததில், ஆர்.சி.யில் இருந்த பேர் அந்த மச்சானுடையது. திருவாண்டார்கோயிலில் இருக்கிறார். எனக்குப் பழக்கம்தான். சொல்தா வீடு கட்டும்போது, பெரியவர் பிரான்சில் இருந்தார். இவர்தான் தினமும் சைக்கிளில் வந்து நின்று, மணல் சலித்தது போதுமா, தண்ணீர் விட்டீர்களா என்று பார்த்துக்கொண்டவர். போனதும் "வா மேஸ்திரி, குந்து" என்று நாற்காலி போட்டார். மோர் வந்தது. வண்டிப் பேச்சை எடுத்ததும் முகம் மாறிவிட்டது.

"எந்த வண்டி?"

"அதான், உங்க மச்சான் வண்டி."

"மச்சான் வண்டியா? எம்பேர்ல கீற வண்டி. அத ஊருக்குக் குடுத்துட்டாங்களாமே? யாரு குடுத்தாங்க?"

"அவங்க புள்ள."

"அவன் யாரு குடுக்கறதுக்கு? தாய்மாமன் நான் பந்தலாண்ட நின்னுக்கினு கீறேன். கருமாதிக்கு வேட்டி துண்டு நான் எடுத்துப் போட்டேன். ஒரு வார்த்த, மாமா நீயும் வந்து தாம்பாளத்தத் தொடு மாமான்னு கூப்பிட்டானா? மைக்ல எம்பேர எவனாவது சொன்னானா? நான் கூட்டத்தோட கூட்டமா நின்னு கைதட்டிட்டு வந்தேன் மேஸ்திரி. எவ்ளோ வருசம் அந்த வண்டிக்கு வரி கட்டனது யாரு? போலீஸ் புடிச்சா எழுந்து ஓடனது யாரு?"

இன்னொருத்தர் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். இவர் சொன்னது அத்தனையும் என் வயிற்றிலும் இருந்தது.

"அந்த வூடு குடிபோனப்போ ஞாபகம் கீதா?" என்றார். "உனுக்காவது ஒரு வேட்டி குடுத்தாங்க. நீ மேஸ்திரி. நான் யாரு? வாட்ச்மேன்."

மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து சங்கத் தலைவரை விட்டு பிரான்சுக்குப் போன் போடச் சொன்னேன். அந்தப் பிள்ளை முகம் போனில் தெரிந்தது, பின்னால் ஜன்னலில் ஒரே மழை. "நான்தான் சாவி குடுத்துட்டேனே மேஸ்திரி? மறுபடி மறுபடி நான் இன்னா குடுக்கறது?" என்றார். மாமாவிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கள் என்றேன். அவர்களுக்குள் பழைய மனஸ்தாபம் ஏதோ இருக்கிறது போலும், பேச மாட்டேன் என்றுவிட்டார். செலவுக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன் என்றார். செலவு என்று யார் கேட்டது?

மறுபடி திருவாண்டார்கோயில். மறுபடி மோர். எத்தனை முறை பஸ்ஸில் போனேன் என்று நான் கணக்கு வைக்கவில்லை, முட்டிதான் வைத்திருக்கிறது. கடைசியில் ஒரு நாள் நானே கேட்டேன்: "உங்களுக்கு இன்னாதான் வேணும், சொல்லிடுங்க."

அவர் யோசிக்கவே இல்லை. எப்போதோ யோசித்து வைத்துவிட்டார். "அதே பந்தல் வேணாம். அதே எடம் போதும். தாம்பாளத்துல சாவிய வெச்சி எங்கையில குடுங்க. நான் ஊருக்குக் குடுக்கறேன். மைக்ல பேரச் சொல்லு. வண்டில எழுது. அப்பால எங்க சொல்றியோ அங்க கையெழுத்து."

சங்கத் தலைவர் தயங்கினார். "பிரான்சுக்காரரு கோவிச்சுக்குவாரு பெரியப்பா. குடுத்த வண்டியவே திரும்பக் குடுக்கறதா?" என்றார். நான் எழுந்துவிட்டேன். "கோவிச்சிக்கட்டும்பா. அவரு கோவம் பிளேன்ல வர்றதுக்குள்ள நம்ப ஊர்ல எவ்ளோ பேரு செத்துப் போயிடுவாங்க? அந்தப் பொண்ணு ரோட்ல அம்மா மூஞ்சிய மூடிக்கினு குந்தினு இருந்துச்சே, அத நீ பாத்தியா? நான் பாத்தேன்." மறுநாளே அவர் மைக்குக்குச் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி முன்னால் சின்னதாக வைத்துக்கொண்டோம். தாம்பாளம் என் வீட்டிலிருந்து. சால்வை நான் வாங்கியது. மைக்கில் அவர் பேரைச் சொன்னபோது அந்த மனிதர் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டார். சாவியைக் கொடுக்கும்போது கை நடுங்கியது. தாம்பாளம் கவிழ்ந்துவிடாமல் அடியில் பிடித்தவன் நான்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சங்கத்தின் பேரில் மாற்ற வேண்டும் என்றால் சங்கம் பதிவு செய்திருக்க வேண்டுமாம். எங்கள் சங்கத்துக்கு போர்டு இருக்கிறது, கேரம் போர்டு இருக்கிறது, பதிவு இல்லை. அதற்கு மாசக் கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை யாராவது ஒரு ஆள் பேரில் மாற்றுவதுதான் வழி.

சொசைட்டி வாசலில் கூட்டம் போட்டோம். யார் பேரில் என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வண்டியை ஓட்டச் சொன்னால் ஓட்டுவார்கள், கழுவச் சொன்னால் கழுவுவார்கள். பேர் என்றால் பயம். ஒருவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாராம். இன்னொருவருக்குப் பிள்ளை பிறந்து பேர்கூட வைக்கவில்லையாம். சங்கத் தலைவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்கூட்டுல ஒத்துக்க மாட்டாங்க பெரியப்பா. சாவு வண்டி."

"அப்ப எம்பேர்ல போடு" என்றேன். அன்று யாரும் கை தட்டவில்லை. பெருமூச்சுதான் கேட்டது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"பேர எழுதறதுக்கு வேற வண்டியே கிடைக்கலியா உனுக்கு? ஊர்ல அவ்ளோ பேரு கீறாங்க, பொணம் தூக்கற வண்டிக்கு நீதான் ஓனரா?"

"ஆருனா ஒருத்தரு இருக்கணும் இல்ல?"

"ஆருனா ஒருத்தரு, ஆருனா ஒருத்தரு. அந்த ஆருனா எப்பவும் நீதான்."

எனக்கும் அதைத்தான் சொல்லத் தோன்றியது.

அந்த மச்சானின் பழைய கையெழுத்தும் இப்போதைய கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை, எழுதிக் கொடுத்தவர் நேரில் வர வேண்டும், வண்டியையும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில். இன்சூரன்சை முதலில் அவர் பேரிலேயே புதுப்பித்து, அவரைக் கூட்டிவர வண்டியோடு போனேன். அவர் வாசலில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"உயிரோட கீறப்பவே இதுல ஏறணுமா மேஸ்திரி?"

"முன்னாடி சீட்டுதான். பின்னாடி அப்பறம் பாத்துக்கலாம்."

சிரித்துக்கொண்டே ஏறினார். டிரைவர் பக்கத்தில் நாங்கள் இரண்டு கிழவர்கள் ஒட்டி உட்கார்ந்தோம். வழியில் எதிரே பைக்கில் வந்தவர் ஓரங்கட்டி நின்று கும்பிட்டார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தோளில் துண்டு போட்டிருந்தவர் அதை இடுப்புக்கு இறக்கினார். இவர் என்னை முழங்கையால் இடித்தார்.

"பாத்தியா? நம்பளுக்கு மரியாத வேணும்னா இந்த வண்டிலதான் வரணும்போல கீது."

ஆபீசில் சேஸ் நம்பர் துருவில் மறைந்திருந்தது. துரு தேய்க்கும் எம்ரி தாள் எங்கே என்று எல்லோரும் தேடிக்கொண்டிருக்க, நான் குனிந்து கையோடு கொண்டுபோயிருந்த தாளால் தேய்த்தேன். எழுத்து தெளிந்தது. அதன்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் உரசி எடுத்துக்கொண்டார்கள். உள்ளே மாற்றிய வேலையையும் ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டார். அந்த மச்சான் கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன். எனக்கு எழுதத் தெரிந்தது பேர் ஒன்றுதான், அதை நன்றாகவே போடுவேன். வெளியே வந்ததும் அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, "இனிமே போலீசு புடிச்சா நீ ஓடு" என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சில வாரத்தில் என் பேரில் ஆர்.சி. அட்டை தபாலில் வந்தது. தார்ப்பாயை எடுத்தார்கள். வண்டி ஓடுகிறது. சோரியாங்குப்பம் வரைக்கும் போய் ஒரு உடலைக் கொண்டுவந்தார்கள். வழியில் மறித்துக் கேட்டார்கள், அட்டையைக் காட்டினார்கள், விட்டுவிட்டார்கள். டிரைவர் வந்து சொன்னபோது அந்தச் சித்தாள் மகள் என் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு அது போதும் என்று அன்று இருந்தது.

அன்று இருந்தது, இன்று இல்லை. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். பின்கதவில் உபயம் என்று போட்டு பிரான்சுப் பிள்ளை பேர். அடுத்த வரியில், நான் கொடுத்த வாக்குப்படி, தாய்மாமன் பேர். அதற்குக் கீழே இளைஞர் சங்கம், அதன் தலைவர், செயலாளர், பொருளாளர். எழுத்துத் தெரியாத நான் அத்தனை வரியையும் ஒருத்தரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். தலைவரிடம் கேட்டதற்கு, "எடம் பத்தல பெரியப்பா. அதுவும் இல்லாம, வண்டியே உங்க பேர்லதான கீது? அதுக்கு மேல இன்னா?" என்றார்.

வண்டி என் பேரில் இருப்பதன் பலன் எனக்குத்தான் தெரியும். கல்யாண மண்டபத்து வாசலில் டிரைவர் நிறுத்தினால் அபராதக் குறுஞ்செய்தி என் போனுக்கு வருகிறது. மளிகைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்கிறேன், கடையில் இருக்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண் இந்தியில் பேசுகிறாள். சங்கம் பதிவு என்ன ஆச்சு என்று கேட்டால் ஆகிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். நாளைக்கு அது ஆனால், என் கையெழுத்து தேவைப்படும். அதற்குள் எனக்கும் கை நடுங்கும். யாரோ ஒருவர் பஸ் பிடித்து என் வாசலுக்கு வருவார், நான் மோர் கொடுப்பேன். அந்த மனிதர் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். அட்டையில் இருக்கும் பேரும் பூச்சுக்குள் போன பேர்தான்.

அந்தச் சித்தாளுக்கும் எங்கேயும் பேர் இல்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அவள் மகள் கேட்டால் நான் பின்னால் நிற்பேன். இப்போது எனக்கு நான் கேட்கிறேன். இவ்வளவு நாள் கேட்காமல் இருந்ததற்குப் பாலமும் தொட்டியும் சாட்சி.

ஆகவே சங்கத்துக்கு இதை நான் சொல்லச் சொல்ல ஒருத்தரை விட்டு எழுதி வைக்கிறேன். பின்கதவில் இடம் இல்லை என்றால் இடது பக்கக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது, நான் முழம் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு வரி வரும். பேப்பர் இல்லாமல் கிடந்த வண்டியைப் பதிவு செய்து ரோட்டுக்குக் கொண்டுவந்தவர் என்று போட்டு, என் முழுப் பேரையும் எழுத வேண்டும். பெயிண்ட் செலவு என்னுடையதாக வேண்டாம், அது ஊர் கொடுக்கட்டும். நானும் ஒரு நாள் அந்த வண்டியில்தான் போக வேண்டும். அன்றைக்கு எழுதினால் எனக்குப் படித்துச் சொல்ல ஆள் இருக்காது. இப்போதே எழுதுங்கள்.